கலங்கரை விளக்கத்து மாமா

முதியோர் இல்லத்தில் கிழவர்களைக் குளிப்பாட்டித் தலை துவட்டிவிட நடுநிலை ஆங்கிலம் போதும். அப்படிக் குளிப்பாட்டுகிற பெண்ணுக்குப் புருஷனாக, அவளோடு ஒரே வீட்டில் குடித்தனம் நடத்த வேண்டுமென்றால் உயர்நிலை ஆங்கிலம் வேண்டும். அந்த நாட்டின் சட்டம் அப்படி. ஏன் என்று கேட்கக் கூடாது. கேட்டே தீருவேன் என்றால் அதையும் உயர்நிலை ஆங்கிலத்தில்தான் கேட்க வேண்டும்.

அப்படி ஒரு பெண்ணுக்குப் புருஷனான லிஃப்ட்காரர் கேட்கவில்லை. பரீட்சை எழுதினார். அவருக்கு ஆங்கிலம் தெரியாமல் இல்லை. லிஃப்ட் கம்பெனிகள் அனுப்புகிற தடித்தடியான கையேடுகளை எல்லாம் ஆங்கிலத்தில் படித்துத்தான் லிஃப்ட் ரிப்பேர் பார்த்தார். வாசிப்பில் தேறினார், எழுத்தில் தேறினார், காதில் மாட்டிக்கொண்டு கேட்பதிலும் தேறினார். பேச்சில் மட்டும் ஒவ்வொரு முறையும் அரை மார்க்கில் மண்ணைக் கவ்வினார். தேர்வு வாரியம் அனுப்பிய அறிக்கையில் காரணம் ஒரே வரியில் இருந்தது: "இவர் பேசும்போது நிறுத்துகிறார்."

நிறுத்துகிறார் என்பது உண்மைதான். அது தொழிலில் வந்த பழக்கம். அந்தரத்தில் தொங்கும் பெட்டியின் தலைமேல் நின்றுகொண்டு வேலை பார்ப்பவர் கை வைப்பதற்கு முன் யோசிப்பார். யோசிக்காதவர்களும் அந்தத் தொழிலுக்கு வந்திருக்கிறார்கள். அவர்கள் ஓய்வு பெறும் வயது வரை இருந்ததில்லை. கை நின்று நிதானித்தே பழகியதால் நாக்கும் அப்படியே பழகிவிட்டது. மனைவி இதற்காக அவரைத் திட்டியிருக்கிறாள், கேலி செய்திருக்கிறாள். ஆனால் மார்க் குறைத்ததில்லை.

மனைவி மகளோடு அந்த நாட்டுக்கு முன்னாலேயே போய்விட்டாள். இரவுப் பணி அவளுக்கு. அவர் வந்து சேரும்வரை மகளை வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை. அதனால் முதியோர் இல்லத்தில் ஊழியர்கள் டீ குடிக்கிற அறையில், இரண்டு நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டுத் தன் கோட்டைப் போர்த்தி மகளைத் தூங்க வைப்பாள். சூப்பர்வைசர் அம்மாள் இதுவரை பார்த்தும் பார்க்காத மாதிரி போய்க்கொண்டிருந்தாள். என்றைக்கு அவளுக்கு உண்மையாகவே கண் தெரிந்துவிடுமோ, அன்றைக்கு வேலை போகும், அல்லது மகள் திரும்பி வர வேண்டியிருக்கும்.

"நீங்க வந்துட்டா அவ கட்டில்ல தூங்குவா," என்று மனைவி போனில் சொல்வாள். "வேற எதுவும் நான் கேக்கலை."

அவர் பதில் சொல்லாமல் இருப்பார். என்ன சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பார்.

"இருக்கீங்களா?" என்பாள்.

"இருக்கேன்."

இந்த நிலையில்தான் அவர் தனிப் பயிற்சிக்குப் போனார்.

அகாடமி ஒரு சலவைக் கடைக்கு மேல் இருந்தது. கீழே இஸ்திரி போடும் ஆவி தரையின் விரிசல்கள் வழியாக மேலே ஏறி, வகுப்பறையில் எந்நேரமும் யாரோ ஒருவருடைய சட்டை வெந்துகொண்டிருக்கும் வாசனை. அகாடமியை நடத்தியவர் தன்னை டைரக்டர் என்று அழைக்கச் சொன்னார். அவருடைய மனைவி ரெஜிஸ்ட்ரார். மச்சினன் சர்வதேசப் பிரிவு. லிஃப்ட்காரர் உள்ளே நுழைந்தபோது சர்வதேசப் பிரிவு நாற்காலியில் தலையைச் சாய்த்து வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தது.

அறையில் ஏற்கெனவே ஒரு கூட்டமே உட்கார்ந்திருந்தது.

"ஒருத்தருக்கு ஒருத்தர்னு விளம்பரத்துல போட்டிருந்துச்சே சார்?" என்றார் லிஃப்ட்காரர்.

"ஆமா. உங்களுக்கு நான் ஒருத்தன்தான். வேற வாத்தியார் யாராவது கண்ணுக்குத் தெரியுதா?" என்றார் டைரக்டர். தெரியவில்லை. லிஃப்ட்காரர் உட்கார்ந்தார்.

டைரக்டர் கையில் ஓர் எஃகு ஸ்கேல் வைத்திருந்தார். யாரையும் அடிக்க அல்ல; அவர் நவீனமானவர். பேசுகிறவர் நிறுத்தினால் மேசையில் ஒரு தட்டு. அவ்வளவுதான்.

"உங்க வாழ்க்கையில மறக்க முடியாத ஒரு நாளைப் பத்திப் பேசுங்க. ரெண்டு நிமிஷம். நிறுத்தக் கூடாது."

லிஃப்ட்காரருக்கு மறக்க முடியாத நாள் ஒன்றே ஒன்றுதான். அதைச் சொன்னார். ஆங்கிலத்தில்தான் சொன்னார். ஓர் ஆஸ்பத்திரி லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுவிட்டது. விளக்கும் போய்விட்டது. உள்ளே ஒரு பெண் தனியாக. இவர் வெளியே தரையில் குந்தி, கதவின் மேல்பக்கம் கையை விட்டு வேலை செய்துகொண்டிருந்தார். டக் என்று ஸ்கேல் விழுந்தது. அந்தப் பெண் இருட்டுக்குள்ளிருந்து கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை, "இருக்கீங்களா?" என்று கேட்பாள். இவர் "இருக்கேன்" என்பார். டக். அதைத் தவிர இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. டக். வெளியே வந்ததும் அவள் முதலில் சொன்னது, "இவ்வளவு நேரம் தைரியமா நாலு வார்த்தை பேசக் கூடாதா?" என்பது. டக், டக். இவர் யோசித்துவிட்டு, "பேசினா கை நடுங்கும்" என்றார். அதுதான் அவர் அவளிடம் சொன்ன முதல் நீளமான வாக்கியம். அடுத்த வருஷம் கல்யாணம்.

பின்வரிசையிலிருந்த ஒரு பல் டாக்டரம்மா கைக்குட்டையை எடுத்தாள்.

டைரக்டர் ஸ்கேலைக் கீழே வைத்தார். "ரொம்ப நல்லா இருக்கு," என்றார். "இதைப் போய் எவன்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"ஏன் சார்?"

"உங்க வியாதியே அதுதான். உண்மையா நடந்ததைச் சொல்றீங்க. நடந்ததைச் சொல்லும்போது மனுஷன் என்ன பண்றான்? ஞாபகப்படுத்திப் பாக்குறான். ஞாபகம் வந்தா தொண்டை அடைக்குது. அங்க ஒரு நிறுத்தம், இங்க ஒரு நிறுத்தம். நடக்காத விஷயத்துல ஞாபகப்படுத்த என்ன இருக்கு சொல்லுங்க? மளமளன்னு வரும். அப்புறம் இன்னொண்ணு. 'இருக்கீங்களா', 'இருக்கேன்'. இதுல சொல்வளம் எங்க இருக்கு? ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னா மார்க்கைக் குறைச்சிடுவான்."

அதன் பிறகு டைரக்டர் அவருக்கு ஒரு மாமாவைக் கொடுத்தார்.

மாமா கலங்கரை விளக்கத்தில் வேலை பார்த்தவர். தன்னந்தனியானவர், தளராத நெஞ்சினர், அலைகளின் ஓசையில் ஆழ்ந்த அமைதி கண்டவர். (இவை ஒவ்வொன்றும் ஆங்கிலத்தில் மார்க் பெறும் சொற்கள்.) சிறுவயதில் இவருக்கு நீச்சல் கற்றுக் கொடுத்தவர். திசைகாட்டி ஒன்றைப் பரிசளித்தவர். தோல்வி என்பது வெற்றியின் வாசற்படி என்று அடிக்கடி சொன்னவர். மாமாவைப் பற்றிச் சரியாக இரண்டு நிமிடம் பேசலாம். கேள்வி எதுவாக இருந்தாலும் மாமாவிடம் கொண்டுபோய் விடலாம். மறக்க முடியாத பயணமா? மாமா வீட்டுக்குப் போனது. பிடித்த பொருளா? மாமா தந்த திசைகாட்டி. சுற்றுச்சூழல் மாசா? மாமா இருந்தபோது கடல் சுத்தமாக இருந்தது.

இடைவேளையில் பல் டாக்டரம்மா அவரிடம் வந்தாள். தலை நரைக்க ஆரம்பித்த பெண். மகனோடு போய் இருப்பதற்காக இந்தப் பரீட்சையை எத்தனை முறை எழுதினாள் என்று அவளே எண்ணுவதை விட்டிருந்தாள்.

"உங்களுக்கும் அவர்தானா மாமா?"

"ஆமாங்க. உங்களுக்கும்?"

"இந்த ரூம்ல எல்லாருக்கும் அவர்தான். அப்ப நீங்க எனக்கு அண்ணன் முறை ஆகுது," என்றாள். அன்றிலிருந்து அவரை அண்ணே என்றே கூப்பிட்டாள். அந்த அகாடமி யாருக்காவது உருப்படியாக எதையாவது கொடுத்தது என்றால் அந்த உறவு ஒன்றுதான்.

அடுத்தது கருத்துப் பயிற்சி. உயர்நிலை மனிதனுக்கு எல்லாவற்றைப் பற்றியும் கருத்து இருக்க வேண்டுமாம்.

"மிருகக்காட்சி சாலை வேணுமா, வேணாமா?" என்று டைரக்டர் கேட்டார்.

"நான் அதைப் பத்தி யோசிச்சதே இல்லீங்க."

"பிரமாதம். யோசிக்காம சொன்னாத்தான் அது கருத்து. யோசிச்சா அதுக்குப் பேரு சந்தேகம். சந்தேகத்துக்கு மார்க் கிடையாது. ஒரு பக்கம் பாத்தா வேணும், மறுபக்கம் பாத்தா வேணாம், முடிவாப் பாத்தா அது அவரவர் சூழ்நிலையைப் பொறுத்தது. எங்க, சொல்லுங்க."

சொன்னார். மிருகக்காட்சி சாலையை எடுத்துவிட்டு மரண தண்டனையைப் போட்டார்கள்; அதே பதில் பொருந்தியது. அதை எடுத்துவிட்டுப் பள்ளிச் சீருடையைப் போட்டார்கள், அதற்கும் பொருந்தியது.

இவ்வளவுக்குப் பிறகும் சில கேள்விகளுக்கு அவருக்குப் பதில் வரத் தாமதமாயிற்று. அதற்கு டைரக்டரிடம் கைவசம் ஒரு மருந்து இருந்தது. அமைதி விழப்போகிறது என்று தெரிந்த அந்தக் கணமே ஒரு வாக்கியத்தை எடுத்து ஓட்டையை அடைத்துவிட வேண்டும். அந்த வாக்கியம்: "இது உண்மையிலேயே மிகவும் சுவாரசியமான கேள்வி." கேட்டவனுக்குச் சந்தோஷம், சொன்னவனுக்கு அவகாசம். இதை லிஃப்ட்காரர் குளிக்கும்போது சொன்னார், பஸ்ஸில் சொன்னார், லிஃப்ட் குழிக்குள் நின்றுகொண்டு சொன்னார். ஸ்கேல் இல்லாத இடத்திலும் அவருக்கு ஸ்கேல் சத்தம் கேட்கத் தொடங்கியது. எங்கே அமைதி விழுந்தாலும் வாய் தானாகத் திறந்தது.

ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் செயலாளர் ஒருநாள் அவரிடம், "என்னப்பா, லிஃப்ட் இன்னைக்கு ஓடுமா?" என்று கேட்டார்.

"இது உண்மையிலேயே மிகவும் சுவாரசியமான கேள்வி," என்றார் லிஃப்ட்காரர் ஆங்கிலத்தில். "ஒரு பக்கம் பார்த்தால்..."

"யோவ், ஓடுமா ஓடாதா?"

லிஃப்ட்காரர் வாயைப் பொத்திக்கொண்டார். அன்றைக்கு மாலை டைரக்டரிடம் இதைக் கவலையோடு சொன்னபோது டைரக்டர் எழுந்து நின்று அவர் கையைக் குலுக்கினார். "தயாராயிட்டீங்க," என்றார்.

பரீட்சை மண்டபத்தின் வாசலில் அவருடைய பெல்ட்டைக் கழற்றினார்கள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். காதுக்குள் டார்ச் அடித்தார்கள். பத்து விரல்களின் ரேகையையும் எடுக்கப் போனால், கிரீஸிலும் கம்பிக் கயிற்றிலும் தேய்ந்த விரல்களில் ரேகை விழவில்லை. உடனே ஓர் அதிகாரி வந்தார். விரல் இல்லாதவர்களுக்குத் தனி விதி இருக்கிறது, விரல் இருந்து ரேகை இல்லாதவர்களுக்கு விதி இல்லை என்று வருத்தத்தோடு தெரிவித்தார். கடைசியில் விரல் இல்லாதவர் என்று பதிந்துகொண்டு உள்ளே விட்டார்கள்.

சின்ன அறை. ஒரு மேசை, ஒரு கடிகாரம், பேச்சைப் பதிவு செய்ய ஒரு கருவி, ஒரு தேர்வாளர் அம்மாள். அவள் பேசியதும் ஆங்கிலம்தான். அந்த ஆங்கிலத்துக்குத் தமிழில் இதைவிட நெருக்கமாகப் போக முடியவில்லை.

"வணக்கம். தாங்கள் கூறுவதை மதிப்பிட எனக்கு அதிகாரம் உண்டு. புரிந்துகொள்ள அதிகாரம் இல்லை. நான் தலையசைத்தால் அது உதவியாகும், புன்னகைத்தால் சலுகையாகும். ஆகவே என் முகத்தில் எதையும் எதிர்பார்க்க வேண்டாம். பதினெட்டு ஆண்டுகளாக இப்பணியில் இருக்கிறேன். இப்போது வீட்டிலும் எனக்கு இது சிரமமாக இல்லை."

ஓர் அட்டையைத் திருப்பி வைத்தாள். "உங்கள் வாழ்வில் உங்களுக்கு மிகவும் நெருக்கமான ஒருவரைப் பற்றிப் பேசுக."

லிஃப்ட்காரருக்கு ஆஸ்பத்திரி லிஃப்ட்டின் கதவு ஞாபகத்துக்கு வந்தது. இருட்டுக்குள்ளிருந்து அந்தக் குரல் வந்தது. தொண்டை அடைக்கப் பார்த்தது. எங்கோ ஸ்கேல் விழுந்தது. அடுத்த கணம் மாமா வந்து நின்றார்.

"எனக்கு மிகவும் நெருக்கமானவர், கலங்கரை விளக்கத்தில் பணியாற்றிய என் அன்பு மாமா ஆவார்," என்று தொடங்கியவர் நிற்கவே இல்லை. மழை கொட்டுகிற மாதிரி கொட்டினார். அலை, அமைதி, திசைகாட்டி, வாசற்படி எல்லாம் வரிசையாக வந்தன. கடைசியில் மாமாவைச் சாகடித்தார். மாமா இறந்த இரவில் விளக்கு தானாக அணைந்தது என்றார். அதைச் சொன்னபோது கண்ணில் தண்ணீர் வந்தது. அது யாருக்காக வந்தது என்று அவருக்குத் தெரியும். தேர்வாளர் அம்மாள் முகத்தில் ஈ உட்கார்ந்திருந்தால்கூட அசைந்திருக்காது.

தேறிவிட்டார். அரை மார்க் அதிகமாகவே வந்தது. டைரக்டர் அவருடைய படத்தை அகாடமிச் சுவரில் மாட்டினார். போனில் மனைவி சிரித்தாள், அழுதாள், மகளிடம் கொடுத்தாள். "அப்பா, எனக்குக் கட்டில் வாங்குவீங்களா?" என்று மகள் கேட்டாள். "வாங்குவேன்" என்றார், யோசிக்காமலே.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. விசா அலுவலகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் ஓர் அதிகாரி உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர் போலத்தான் தெரிந்தார். சான்றிதழைப் பார்த்துப் பாராட்டினார். பிறகு ஒரு பொத்தானை அழுத்தினார். அறை முழுக்க லிஃப்ட்காரரின் குரல் கேட்டது: என் அன்பு மாமா ஆவார்.

"தங்களுக்கு மிகவும் நெருக்கமானவர் யார் என்று அரசு நியமித்த தேர்வாளர் கேட்டார். இரண்டு நிமிடம் அளிக்கப்பட்டது. அந்த இரண்டு நிமிடத்தில் தங்கள் மனைவி ஒருமுறைகூட இடம்பெறவில்லை. மகளும் இல்லை. இத்திருமணம் உண்மையானதுதானா என்ற ஐயம் எங்களுக்கு எழுவது இயல்பல்லவா?"

"ஐயா, அது பரீட்சைக்காகச் சொன்னது."

"அதாவது, தேர்வில் பொய் கூறியதாக ஒப்புக்கொள்கிறீர்கள். அப்படியானால் சான்றிதழை ரத்து செய்ய வேண்டியிருக்கும்."

"இல்லை ஐயா. உண்மைதான்."

"அப்படியானால் திருமணம் ஐயத்துக்குரியது. மேலும், தங்கள் விண்ணப்பத்தில் தாயாருக்கு உடன்பிறந்தோர் எவருமில்லை என்று உள்ளது. ஒரு மாமாவை எங்களிடமிருந்து மறைத்திருக்கிறீர்கள்."

முன்னே போனால் கடிக்கிறது, பின்னே வந்தால் உதைக்கிறது.

"இன்னொன்று," என்று அதிகாரி குரலைத் தாழ்த்தினார். "இந்த மாமாவுக்கு ஏராளமான மருமக்கள் இருப்பது எங்கள் பதிவுகளிலிருந்து தெரிகிறது. ஒரே குடும்பத்திலிருந்து இத்தனை பேர் குடியேற முயல்வது குறித்து எங்கள் அரசு கவலை கொண்டுள்ளது."

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. மேல்முறையீடு செய்யலாம் என்றார்கள். செய்தார். விசாரணை நாள் வருவதற்குள் அங்கே குளிர்காலம் வந்துவிட்டது. மனைவி மகளுக்குப் போர்த்த இன்னொரு கோட்டு வாங்கினாள்.

மேல்முறையீட்டுக் குழுவில் மூன்று பேர். நடுவில் தலைவி. வலதுபக்கம் ஒரு கிழவர். இடதுபக்கம் இருந்தவர் நேரம் பார்ப்பதற்கு.

"தங்கள் மனைவியை எவ்வாறு சந்தித்தீர்கள் என்று கூறுங்கள்," என்றாள் தலைவி.

இந்த முறை லிஃப்ட்காரர் ஒரு முடிவோடு போயிருந்தார். மாமாவை வாசலிலேயே விட்டுவிட்டார். ஆஸ்பத்திரி லிஃப்ட்டைச் சொன்னார். சொல்லும்போது நிறுத்தினார். இருட்டைச் சொல்லிவிட்டு நிறுத்தினார். "இருக்கீங்களா" என்று சொல்லிவிட்டு ரொம்ப நேரம் நிறுத்தினார். அந்த வார்த்தைக்கு ஆங்கிலத்தில் என்ன என்று தேடினார்; கிடைத்தது, ஆனால் அது அதுவாக இல்லை. நாற்காலியில் தூங்கும் மகளைச் சொல்ல ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. கிழவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். இடதுபக்கத்தார் கடிகாரத்தைப் பார்த்து என்னவோ குறித்துக்கொண்டார்.

மூவரும் உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்தார்கள்.

"தங்கள் உரை எங்களை நெகிழச் செய்தது," என்றாள் தலைவி. "நெகிழ்ச்சியைப் பதிவு செய்ய இங்கே இடமில்லாததால் அதை வாய்மொழியாகத் தெரிவிக்கிறோம். திருமணம் உண்மையானதாக இருக்கக்கூடும் என்று கருதுகிறோம். ஆனால் வருந்துகிறோம். இன்று தாங்கள் பேசிய ஆங்கிலம், சான்றிதழில் காணும் உயர்நிலை ஆங்கிலமாக இல்லை. பல இடங்களில் நிறுத்தினீர்கள். ஆகவே சான்றிதழ்தான் இப்போது ஐயத்துக்குரியதாகிறது. இக்குழுவின் முன்னிலையில் தாங்கள் மீண்டும் பேச வேண்டும். தலைப்பு: மனைவி. அதே கேள்விகள் தங்கள் மனைவியிடமும் தொலைபேசியில் கேட்கப்படும். இரு பதில்களும் பொருந்த வேண்டும். சரளமாகவும் பொருந்த வேண்டும்."

கிழவர் தாழ்ந்த குரலில், "நாங்கள் மனிதாபிமானம் உள்ளவர்கள்," என்றார். "அதனால்தான் இந்த வாய்ப்பு."

லிஃப்ட்காரர் நேரே சலவைக் கடைக்கு மேலே ஏறினார். கோபத்தோடுதான் ஏறினார். அந்த ஸ்கேலைப் பிடுங்கி உடைக்க வேண்டும் என்றுகூட நினைத்தார். சுவரில் அவருடைய படம் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. டைரக்டர் எல்லாவற்றையும் கேட்டார். கொஞ்சமும் அசரவில்லை.

"நான்தான் அன்னைக்கே சொன்னேனே, அந்த லிஃப்ட்டை எவன்கிட்டயும் சொல்லாதீங்கன்னு. சொன்னீங்க, அனுபவிக்கிறீங்க. சரி, போனது போகட்டும். உங்களுக்கு ஒரு மனைவி இருக்கு என்கிட்ட."

"எனக்குத்தான் மனைவி இருக்காளே சார்."

"அது உண்மையான மனைவிங்க. அவங்களை வெச்சு ரெண்டு நிமிஷம் பேச முடியுதா உங்களால? முடியலை. நான் குடுக்கிற மனைவி கடகடன்னு வருவாங்க." டைரக்டர் ஒரு தாளை நீட்டினார். "மழைக்காலம். பேருந்து நிறுத்தம். நீங்க நனைஞ்சுகிட்டு நிக்கிறீங்க. அவங்க பச்சைக் குடையை உங்க பக்கம் சாய்க்கிறாங்க. சிரிக்கிறாங்க. 'மழை நின்றுவிட்டது, ஆனால் எங்கள் உரையாடல் நிற்கவில்லை.' அங்க முடிச்சிடுங்க. எத்தனை பேரைத் தேத்தி விட்டிருக்கு தெரியுமா அந்த வரி?"

"அவகிட்டக் குடையே கிடையாது."

"இனிமே இருக்கு."

"பொண்டாட்டியைப் பத்திப் பொய் சொல்லச் சொல்றீங்களா?"

டைரக்டர் முதன்முறையாக அவரைக் கனிவோடு பார்த்தார். "ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தைப் பண்ணுன்னு நம்ம ஆளுங்களே சொல்லியிருக்காங்க. நீங்க ஏற்கெனவே பண்ணின கல்யாணத்துக்குத்தானே சொல்லப் போறீங்க? அதுவும் ஒரே ஒரு குடை."

பின்வரிசையில் பல் டாக்டரம்மா உட்கார்ந்திருந்தாள். இந்தப் பருவத்தில் மாமா செல்லாது என்று ஆகிவிட்டதால் அவளுக்கு எரிமலை ஆராய்ச்சி செய்கிற அத்தை ஒருத்தியைக் கொடுத்திருந்தார்கள். அவள் லிஃப்ட்காரரின் கையிலிருந்த தாளைப் பார்த்தாள்.

"எனக்கும் இதே குடைதான் குடுத்திருக்காரு அண்ணே," என்றாள் மெதுவாக. "எங்க வீட்டுக்காரர் செத்து ரொம்ப வருஷம் ஆச்சு. அவர் கையில குடையைக் குடுத்துப் பேசிப் பாத்தேன். ரெண்டு நிமிஷம் நல்லா வந்துச்சு. அப்புறம் அவர் முகம் எப்படி இருக்கும்னு யோசிச்சேன். குடைதான் ஞாபகம் வருது."

லிஃப்ட்காரர் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இறங்கிப் போயிருக்கலாம். போகத்தான் நினைத்தார். அப்போது நாற்காலிகள் இரண்டு அவர் கண்முன் வந்தன. உட்கார்ந்தார். டைரக்டர் ஸ்கேலை எடுத்தார்.

மனைவியிடம் பேசத் தோதான நேரம் ஞாயிற்றுக்கிழமை மதியம்தான். அவர் தாளை எதிரில் வைத்துக்கொண்டு அழைத்தார். மனைவியின் குரல் கம்மியிருந்தது.

"சூப்பர்வைசர் பாத்துட்டா," என்றாள். "புள்ள தூங்குற ரூம்ல லைட்டைப் போட்டு நின்னு பாத்துட்டா. இந்த மாசம் முடியிற வரைக்கும்தான்னு சொல்லிட்டா. அங்க என்ன சொன்னாங்க? சீக்கிரம் சொல்லுங்க."

அவர் சொன்னார். மறுபடி பேச வேண்டும், உனக்கும் போன் வரும், இரண்டு பேரும் ஒரே மாதிரி சொல்ல வேண்டும் என்றார்.

"அதுக்கென்ன? ஒரே மாதிரிதானே சொல்வோம்? லிஃப்ட்டுக்குள்ள மாட்டிக்கிட்டேன், நீங்க..."

"லிஃப்ட் வேணாம்மா. அதுல நிறுத்தம் அதிகம். நான் சொல்றதைக் கேட்டுக்கோ. மழை. பஸ் ஸ்டாப். உன்கிட்ட ஒரு பச்சைக் குடை."

"யார்கிட்ட?"

"உன்கிட்ட."

அந்தப் பக்கம் தாளைத் தேடும் சத்தம் கேட்டது. பிறகு அவள், "சரி, சொல்லுங்க, எழுதிக்கிறேன்," என்றாள். எழுதிக்கொண்டாள். அவர் அதிகாரி மாதிரி கேட்டார். அவள் தட்டுத்தடுமாறி ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். நிறுத்தும்போதெல்லாம் அவர் பேனாவால் மேசையைத் தட்டினார். மறுபடி சொல்லு என்றார். மறுபடி சொன்னாள். மழை பெய்தது, குடை சாய்ந்தது, அவள் சிரித்தாள். நல்ல முன்னேற்றம் தெரிந்தது. இன்னொரு முறை கேட்டார். அவள், "மழை நின்றுவிட்டது, ஆனால் எங்கள்..." என்று தொடங்கிவிட்டு நின்றாள்.

அவர் தட்டினார். அவள் தொடரவில்லை. மறுபடியும் தட்டினார்.

"என்னங்க," என்றாள் தமிழில். "ஒண்ணு கேக்கவா? அவங்களுக்கு என்ன வேணுமோ அதைச் சொல்லிடுவோம். குடைன்னா குடை. எனக்குப் புள்ளை கட்டில்ல தூங்கினாப் போதும். ஆனா நமக்குள்ள அது அப்படியே இருக்குல்ல? அந்த லிஃப்ட்டு?"

அவர் பதில் சொல்ல வாயெடுத்தார். எது சரியான வார்த்தை என்று தேடினார். தேடத் தேட அமைதி நீண்டுகொண்டே போனது. கடலுக்கு அந்தப் பக்கம் மகள் எதையோ கேட்பதும், மனைவி "உஷ்" என்பதும் கேட்டன. பிறகு மனைவி போனை வாய்க்கு நெருக்கமாக வைத்துக்கொண்டு, இருட்டுக்குள்ளிருந்து கேட்ட அதே குரலில் கேட்டாள்.

"இருக்கீங்களா?"

லிஃப்ட்காரரின் காதில் ஸ்கேல் விழுந்தது. ஒரு நொடிகூடத் தாமதிக்காமல், உயர்நிலை ஆங்கிலத்தில், சரளமாகச் சொன்னார்:

"இது உண்மையிலேயே மிகவும் சுவாரசியமான கேள்வி."